மட்டாஞ்சேரி காக்காவும் மச்சானோட குடையும்

எழுபத்தெட்டு, ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். காலையில ஆறு மணிக்கு கோயம்புத்தூர்ல பஸ் ஏறுனேன். எர்ணாகுளம் இருநூறு கிலோமீட்டருக்குப் பக்கம். பாதி தூரம் மழை, மீதி தூரம் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சு. காட்டிலாகாவுல வாட்ச்சராம்.

"புலியைத் தொட்டா ஜெயில். ஊர்க்காக்காவைத் தொட்டா கேள்வியே இல்லை. சட்டத்துல அதை எலியோட சேர்த்திருக்கு."

"சாம்பல் கழுத்துக்காரனையா? முழுக்கறுப்பு அண்டங்காக்கா?"

"சாம்பலைத்தான். கறுப்பன் கதை தெரியாது. ரெண்டுமே அழியப்போற ஜாதியில்ல தம்பி, பயப்படாதே."

நான் எங்க பயந்தேன்?

சாயங்காலம் படகுல மட்டாஞ்சேரி. இறங்குனதும் மிளகு வாசம் மூக்கைக் கிள்ளுச்சு. அக்கா வீடு அங்கதான். அக்கா வீட்டுக்காரரைத்தான் மச்சான்ங்குறேன். அவங்கப்பா செத்தப்புறம் வர்ற முதல் ஆடி அமாவாசை. கடைசி ரெண்டு வருஷம் அப்பனும் மகனும் பேசவே இல்லை. காக்கா சோறு எடுத்தா அப்பா கோவம் தீர்ந்ததுன்னு மச்சான் முடிவே பண்ணிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. முற்றத்துல இலை வெச்சாச்சு. நாம 'கா கா'ன்னு கத்துவோம். இங்க கையை நனைச்சுத் தட்டுறாங்க. ஒரே தட்டு, சாம்பல் கழுத்துக்காரங்க கல்யாணப் பந்தி மாதிரி இறங்கிட்டாங்க. மச்சான் குடையால விரட்டுனார்.

"இதுங்க வேண்டாம். கறுப்புதான் வரணும். இங்க அதுக்குப் பேரே பலிக்காக்கா, முன்னோர் சோறு எடுக்குற காக்கா."

"உங்கப்பா பொறந்தது பொள்ளாச்சி. எங்க பக்கம் சாம்பலைத்தான் கும்பிடுவோம். எந்த வேஷத்துல வருவார்னு கேட்டு வெச்சீங்களா மச்சான்?"

அக்கா கரண்டியைக் காட்டுனா. ரெண்டடி தள்ளி நின்னேன்.

பத்தரைக்கு கறுப்பன் வந்தான். தடிச்ச மூக்கு, கரகரத் தொண்டை, தாசில்தார் நடை. மச்சான் கை கும்பிட்டார். அவன் இலைகிட்ட குனியுறதுக்குள்ள சாம்பல் கூட்டம் பாய்ஞ்சு தென்னைக்கு அந்தாண்ட துரத்திடுச்சு.

"அப்பாவுக்கு மனசில்லைடா"ன்னு மச்சான் அப்படியே உக்காந்துட்டார். எனக்கே கிண்டல் வரலை.

பக்கத்து வீட்டு சேட்டன் மதில் மேல தலையை நீட்டுனார். மச்சானோட அப்பாகூட மிளகுக் கிடங்குல மூட்டை தூக்குனவர்.

"எடா, உன் அச்சன் என்னிக்காவது ஒத்தைக்குச் சோறுண்ண வந்திருக்காரா? கிடங்கையே கூட்டிட்டல்லே வரும்! சண்டையும் போட்டுட்டுத்தான் உண்ணும்."

மச்சான் கத்துற கூட்டத்தைப் பார்த்தார். குடையை மடக்குனார்.

"வாங்க, அப்பா. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

ரெண்டு நிமிஷத்துல இலை காலி. மச்சான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே உள்ள போய் சோத்துப் பானை, சாம்பார், பாயசம் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து இலையில கொட்டுனார்.

நம்ம ஊர்ல காக்கா ஒரு வாய் எடுத்தா மீதி நமக்கு. மட்டாஞ்சேரியில மீதியே கிடையாது. படகுத்துறைக் கடையில கப்பைக்கிழங்கும் சாயாவும் முடிச்சுட்டு ஊருக்குக் கிளம்புனேன்.