நடுவில் வைத்த துருவ நட்சத்திரம்

போன கிழமை கண்டியில் ஒரு கண் மருத்துவர் என் மகனின் கண்களுக்குள் வெகுநேரம் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், என் அம்மாவின் பக்கத்து ஆண்களில் யாருக்காவது இருட்டில் பார்வை குறைவா என்று. இது தாய்வழியாக வரக்கூடியதாம். தாய்க்கு ஒரு குறையும் இருக்காது, மகனைத்தான் தாக்குமாம். அப்படி யாருமில்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில், மகன் என் தோளில் சாய்ந்து தூங்கியபோது, மாமாவின் தொலைநோக்கி நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. நான் சிறுமியாக இருந்தபோது பல்லேபொலயில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தம்புள்ளையிலிருந்து இரவில் மரக்கறி லொறி ஓட்டுவார். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட பங்களா ஒன்றைக் காலி செய்துகொண்டு தன் நாட்டுக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவர், சாமான் ஏற்ற வந்த மாமாவிடம் அந்தத் தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். குழாயைவிட அதைத் தாங்கும் முக்காலிதான் பெரிது. வானம் சுழலும் போக்கிலேயே குழாயும் சுழல வேண்டுமாம். அதற்கு முக்காலியின் தலையிலிருக்கும் அச்சு துருவ நட்சத்திரப் பக்கம் நோக்க வேண்டும். அச்சுக்குள்ளேயே இன்னொரு குட்டித் தொலைநோக்கி இருந்தது. அதன் கண்ணாடியில் நடுவே ஒரு குறுக்குக்கோடும், நடுவைவிட்டுத் தள்ளி ஒரு சின்ன வட்டமும் தெரியும்.

மிளகு காயப்போடும் சீமெந்துத் தரையில் மாமா அதை நிறுத்தினார். சில மாலைகள் ஒன்றும் அகப்படவில்லை. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் அப்பா ஒருநாள் வந்து பார்த்தார். அச்சு இன்னமும் வெள்ளைக்காரரின் நாட்டுக்கு ஏற்றபடி அண்ணாந்து நிற்கிறது, நம் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் தெரியும் என்றார். திருகாணி அவ்வளவு தாழ இறங்க மறுத்தது. பின்கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்தார்கள். வடக்கே யாரையோ கும்பிடுவதுபோல முக்காலி குனிந்து நின்றது.

எனக்கு நட்சத்திரம் தெரிந்தது. தென்னைகளுக்கு மேலே, நீட்டிய கையின் நான்கு விரல் உயரத்தில், மங்கலாக, ஆனால் தெளிவாக. மாமா என் பின்னால் குந்தி, நான் நீட்டிய கையோடு தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

“எங்க பாப்பா?”

“அந்தா, அங்கதான் மாமா.”

அவர் எழுந்தார். மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த அம்மா விடவில்லை. “போன மாசம் ரோட்டுல நின்ன மாட்டையே காணாதவன். இவனுக்கு நட்சத்திரம் கேக்குது.” லொறியின் முன்விளக்கு உடைந்தது அந்த மாட்டால்தான். அதற்காகத்தான் முதலாளி அவரைக் கொஞ்சநாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை மாமா திரும்பவும் லொறியை எடுக்க வேண்டும்.

குட்டித் தொலைநோக்கிக்குள் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தது அப்பாதான். சின்ன வட்டத்துக்குள் அதை வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டார். மாமா கண்ணை வைத்தார். ஒன்றுமில்லை என்றார். தானே திருகாணிகளை அப்படியும் இப்படியும் திருப்பி, கடைசியில் குறுக்குக்கோட்டின் மேல் நட்சத்திரத்தை நிறுத்தியதும், “ஆங், இருக்கு” என்றார்.

“நடுவுல வைக்கக் கூடாது மச்சான். அது சரியான வடக்குல இல்ல, கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது. அதுக்குத்தான் அந்த வட்டம்.”

“நடுவுல இருக்கட்டும் அத்தான்.”

“பிழையாச்சே.”

“பிழையா இருந்தாலும் நடுவுலயே இருக்கட்டும்.”

அப்பா சிரித்துவிட்டு, லொறிக்காரனோடு யார் வாதாடுவது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். நட்சத்திரத்தைத் தானே நடுவிலிருந்து கொஞ்சம் நகர்த்துவார், பார்ப்பார், என்னைப் பார்க்கச் சொல்வார். இருக்கு என்பேன். இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். இருக்கு என்பேன். திரும்பத் தன் கண்ணை வைப்பார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிக்கொண்டு போனது. இது என்ன விளையாட்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இருப்பதை இருக்கு என்றுதான் சொன்னேன். அதற்கு ஏன் அப்படி வாடினார் என்று குழம்பினேன்.

“நெசமாவா பாப்பா? வெளாடலியே?”

“நெசமாத்தான் மாமா.”

திங்கட்கிழமை அவர் லொறி எடுக்கப் போகவில்லை. முதுகுவலி என்றார். வீட்டில் எல்லோரும் சோம்பேறி என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சகாலம் கழித்து ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அம்மாவும் இப்போது இல்லை. என் நினைவே என்னை ஏமாற்றுகிறதோ, இல்லாத ஒன்றை அந்த மாலைக்குள் தேடுகிறேனோ என்றும் தோன்றுகிறது. மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்து என்ன சொல்வது? என் மாமா நட்சத்திரத்தைத் தப்பான இடத்தில் வைத்தார் என்றா?

ஆனால் அன்று வீட்டுக்குள் போகும் நேரம் ஒன்று நடந்தது. சீமெந்துத் தரைக்கும் குசினிக் கதவுக்கும் இடையே கல்படிகள் இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடி இறங்கும் படிகள். மாமா தன் கையை என் பக்கமாக நீட்டினார்.

“இருட்டா இருக்கு, விழுந்துருவ. என் கையப் புடிச்சுக்க.”

பிடித்துக்கொண்டேன். அவர் முன்னால் போகவில்லை. என்னை முன்னால் விட்டு, நான் கால் வைத்த படியில் தானும் கால் வைத்து, ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததால் எனக்கு வலித்தது. இருட்டுக்குப் பயப்படுகிற சின்னப்பிள்ளை என்று மாமா இன்னும் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.