நைனாவின் கையெழுத்து

நாடு குடியரசாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். பி.ஏ. தேறிவிட்டு, பட்டணத்தில் சட்டப் படிப்புக்கு விண்ணப்பமும் அனுப்பிவிட்டு, செங்கல்பட்டில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் ஊர் நெம்மேலி. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் உள்ள மணல் ஊர். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, அந்தக் கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குக் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது; கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சேர்க்கைக்கு முன் ஒரு பரீட்சை உண்டு என்றார்கள். ஆங்கிலத்தில் ஏதாவது கொடுத்துச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். அதே அறையில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வியும் கேட்பார்கள். எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்ல ஆள் கிடையாது. அதனால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன தண்டனைச் சட்டப் புத்தகத்தைக் காலையில் படிப்பேன். பத்தரை மணிக்குக் கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். அங்கே கேட்டதை வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பார்ப்பேன்.

முதல் நாளே கோர்ட்டு வாசலில் நிற்கும் சேவகர், டவாலி, என்னை மடக்கினார்.

"இன்னா கேஸும்மா உன்து?"

"கேஸ் ஒண்ணும் இல்ல. பாக்க வந்தேன்."

"சும்மா பாத்துகினு போறதுக்கு இது இன்னா டென்ட் கொட்டாயா?"

"கதவு தொறந்துதானே கீது? யார் வேணா உக்காரலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி விட்டார். நாலாம் நாள் முதல், என்னைக் கண்டதும் "வக்கீலம்மா வந்துட்டாங்கோ" என்று கேலி செய்தபடியே பெஞ்சின் ஓரத்தைத் துண்டால் தட்டிக் கொடுப்பார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு குத்தகைச் சீட்டு வழக்கு நடந்தது. அதில் உள்ள கையெழுத்து தன்னுடையது இல்லை என்றார் ஒரு விவசாயி. அவருடைய வக்கீல், சீட்டில் விவசாயியின் பெயரில் இருந்த கையெழுத்தையும், சீட்டை எழுதிக் கொடுத்தவரின் வேறொரு கடிதத்தையும் பக்கம் பக்கமாகப் பிடித்துக் காட்டினார். "கடைசி எழுத்தோட வாலைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் சுழிக்கிறது. ரெண்டும் ஒரே கை எழுதினது."

எனக்கு என் விண்ணப்பத்தாள் கண்முன் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நான் நாலாவது படிக்கும்போது, முதல் முறையாக மார்க் அட்டையில் அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைத்துக் கொண்டுபோனால் பிள்ளைகள் சிரிக்கும் என்று நான் அழுதேன். நைனா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "போடு" என்றார். நான் அவர் பெயரை எழுதினேன். எழுதி முடித்ததும், "போட்டுட்டேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து எல்லாத் தாளிலும் அப்படித்தான். நான் ஆங்கிலம் கற்றதும் நைனாவின் கையெழுத்தும் ஆங்கிலத்துக்கு மாறியது. உயர்நிலைப் பள்ளியில் அதற்கு ஒரு வால் முளைத்தது. ஒருமுறை தலைமையாசிரியை, "உங்கப்பா கையெழுத்து ரொம்ப அழகு" என்றார். அதை நான் வீட்டில் சொன்னபோது நைனா மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டப் படிப்புக்கான விண்ணப்பத்திலும் கார்டியன் கையெழுத்து என்ற இடத்தில் அப்படியேதான் போட்டிருந்தோம். அதற்கு இரண்டு வரி கீழே என் கையெழுத்து. ஒரே மசி. இரண்டுக்கும் ஒரே வால்.

கோர்ட்டு கலைந்ததும் டவாலியிடம் போனேன். "ஒருத்தங்க, அவங்க அப்பா பேரை அவங்களே எழுதிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"ஒருத்தங்களா? அந்த ஒருத்தங்க இங்கதான் நின்னுகினு கீறாங்களா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதனது தப்பு. மாட்டிகினா பெரிய தப்பு. வாயத் தொறக்காம பரிச்ச எழுதிட்டு வா."

ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா மீன் அலம்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஊருக்கெல்லாம் நாயம் பேசப் போறவ, மொதல்ல உம்மேலயே கேஸ் போட்டுகினியா?" என்றாள். நைனாவுக்கு நான் எதைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்றே புரியவில்லை. நாலு முறை விளக்கியபின், "நாந்தானே போடச் சொன்னேன்? அப்பறம் அது எப்படிம்மா பொய்யாவும்?" என்றார்.

புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது பொய்க் கையெழுத்து. ஒருவர் சொல்லி, அவர் அனுமதியோடு எழுதினால் இல்லை. அப்படியானால் நைனா சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. குற்றமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கிறவர்கள், இந்தப் பெண்ணின் தகப்பன் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்று நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்று நாலாவது முதல் நானும் விட்டிருக்கிறேன். அந்த ஒரு வாரம் படித்த படிப்பைவிட அந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சொன்னால் இடம் போகும். சொல்லாவிட்டால், வக்கீலாகிப் பிறர் கையெழுத்தைத் தூக்கிப் பிடித்துக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு இந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நைனாவின் விறகுப் படகிலேயே பட்டணம் போனோம். கல்லூரி வாசலில் ஒரு மரத்தடியில் நைனா நின்றுகொண்டார். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். முதல் கேள்வி வருவதற்கு முன்பே நான் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், அந்தக் கையெழுத்து என் கையால் எழுதியது என்று.

இடது பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டம் படிக்க வந்த இடத்தில் முதல் தாளிலேயே இதுவா? இதற்குத் தண்டனைச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா?"

தெரியும் என்றேன். அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது என்றும் சொன்னேன். ஏன் பொருந்தாது என்று நான் படித்ததை ஒப்பித்தேன்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடிவைத்தார். "குற்றமில்லை என்றால் எங்களிடம் எதற்குச் சொல்கிறாய்?"

"எழுதத் தெரிந்தவர் மகள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் எனக்கு இடம் கொடுக்க வேண்டாம்" என்றேன்.

கண்ணாடிக்காரர், படித்த உறவினர் யாரையாவது கார்டியனாகப் போட்டு வேறு விண்ணப்பம் கொண்டு வரலாமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. எங்கள் வீட்டில் படித்த ஒரே ஆள் நான்தான், எனக்கு நானே கார்டியனாக முடியாது, என்னை வளர்த்தவர் வெளியே மரத்தடியில் நிற்கிறார் என்றேன்.

நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வாசலில் அவர் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கப் போனார். "அது தோள்லயே கெடக்கட்டும் நைனா" என்றேன். அப்படியே உள்ளே வந்தார்.

நடுவில் இருந்தவர் தாளைக் காட்டி, "இது யார் கையெழுத்து?" என்று தமிழில் கேட்டார்.

நைனா குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்துதாங்க. நாலாங் கிளாஸ்லேர்ந்து இதான் என் கையெயுத்து. எனக்குக் கையி வராதுங்க. அதனால அத்த எம் பொண்ணு கையில வெச்சிக்கீறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மை அட்டையைக் கொண்டு வரச் சொன்னார்கள். குமாஸ்தா நைனாவின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் உருட்டினார். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது, ரேகை இல்லை. மறுபடி உருட்டினார். மறுபடியும் திட்டு. "இன்னாய்யா இது, ரேகையே வுழலியே?" என்று அலுத்துக்கொண்டார்.

"கழி ஊணி ஊணித் தேஞ்சி போச்சிங்க" என்றார் நைனா.

மூன்றாவது முறையும் அதேதான். சட்டம் கேட்கிற அடையாளம் அந்த விரலில் இல்லை. யார் விரல் என்று அந்தத் திட்டை வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில், வால் சுழித்த அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுவில் இருந்தவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எல்லோருக்கும் கொடுத்த பத்தி உனக்கு வேண்டாம், இந்த அறையில் இப்போது நடந்ததைப் பத்து வரியில் எழுது என்றார்.

எழுதினேன். கூட்டாமல், குறைக்காமல், அழாமல் எழுதினேன். ஒன்பதாவது வரியில் முடிந்துவிட்டது. அவர் படித்தார், அதன் அடியில் தன் கையெழுத்தைப் போட்டு என் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தினார். போகலாம் என்றார். வேறு கேள்வி கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் நைனா, "பாஸா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாதா? இவ்ளோ நேரம் இன்னாதான் பேசிகினு இருந்த?" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் இடம் கிடைத்த செய்தி வந்தது.

இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கதை தெரிந்த சிநேகிதிகள், உண்மையைச் சொன்னதால் உன்னை மன்னித்துவிட்டார்கள், உனக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நான் எழுதிக் கொடுத்த ஒன்பது வரியில் மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை. எழுத்து தெரியாத வீட்டிலிருந்து வந்தவள் என்பதை மறைத்துக்கொண்டு நுழைகிற வாசல் எதுவும் எனக்கு வேண்டாம் என்று அன்று முடிவு செய்தேன். இன்றுவரை எந்த வாசலிலும், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.