உப்பளத்துக்குத் தலைவர் வருகிறார்

எங்கள் சேவைச் சங்கத்தின் செய்தி மடல் ஒரே தாள்தான். இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் ஒரு மடிப்பு. முன்பக்கம் ‘நடந்தவை’, பின்பக்கம் ‘நடக்க இருப்பவை’. நான் சங்கத்தின் தலைவராக இருந்த வருடம் அது. ஒரு நாள் காலைக் காப்பியோடு மடலைப் பிரித்து, என் பெயர் எங்கெங்கே வந்திருக்கிறது என்று வழக்கம்போலத் தேடினேன். பின்பக்கத்தில் முதல் வரியிலேயே நான் இருந்தேன். “வேம்பார் சாலை உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதற்காக, வரும் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைவர் நேரில் இடம் பார்க்க வருகிறார்.” இரண்டாம் தடவையும் வாசித்தேன். அப்படி ஒரு கழிப்பறை கட்ட நாங்கள் தீர்மானிக்கவே இல்லை. வியாழக்கிழமை எங்கும் போவதாக நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதை எழுதியவர் சங்கத்தின் செயலாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. என்னைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலை. வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்கா சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். ஒரு அறை, ஒரு பெஞ்சு, சுவரில் மாதா படம். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களிடம் ரத்தமும் சிறுநீரும் வாங்கிப் பார்த்து எழுதிக் கொடுப்பார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் கதை முழுக்க அவருக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் கழிப்பறைப் பேச்சு வந்தது. என் தலைமையில் ஒரு பஸ் நிழற்குடை கட்டுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கிறவன் நான். என் பெயர் காகிதங்களில்தான் கிடக்கும். ஒரு கருங்கல்லில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. அக்கா எழுந்து சொன்னார்: “எங்கிட்ட வாரதுல ஒரே மாதிரிப் பொம்பளைய வாராவ அண்ணாச்சி. எல்லாரும் உப்பளம். எல்லாருக்கும் அடிக்கடி நீர்க்கடுப்பு, கிருமி. மருந்து தின்னு சரியாகும், மறுபடி வரும். தண்ணி குடிக்கியளான்னு கேட்டா சிரிக்காவ. அங்கன ஒதுங்க எடமே கெடையாது.” மரக்கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், “கக்கூஸுக்கு யாரக் கூப்புட்டு ரிப்பன் வெட்டச் சொல்லுவிய?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மடலைப் பார்த்ததும் அவருக்குப் போன் செய்தேன். தீர்மானம் ஆகாததை எப்படி அச்சடிக்கலாம் என்று கோபமாகவே கேட்டேன்.

“எடம் பாக்க வாரியன்னுதான போட்டுருக்கேன் அண்ணாச்சி. கட்டிக் குடுத்துட்டியன்னா போட்டேன்?”

“நான் வர முடியாது.”

“சரி அண்ணாச்சி. அப்பம் அடுத்த மாசம் நடந்தவையில, தலைவர் வரவில்லைன்னு போட்டுருதேன். உள்ளதத்தான போடணும்?”

மிரட்டலாகச் சொல்லவில்லை, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துக் காட்டுகிற அதே குரல். மடல் உப்பளத்துப் பெண்களின் கைக்கும் போய்விட்டது என்று கடைசியில்தான் சொன்னார்.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டையில் போனேன். சாலையோரக் கடையில் நானும் அக்காவும் டீ குடித்துவிட்டு உள்ளே நடந்தோம். தூத்துக்குடியில் பிறந்தவனுக்கு உப்பளம் புதிதல்ல. ஆனால் அதுவரை நான் அதைக் கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமாகத்தான் பார்த்திருந்தேன். பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு, அதற்கப்பால் வானம். ஒரு மரம் இல்லை, இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி இல்லை. ஏழு மணிக்கே வெயில் கீழேயிருந்தும் அடித்தது. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிய பெண்கள், நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சர்க்கரை உண்டு. குடித்த டீ சும்மா இருக்கவில்லை. அரை மணி நேரத்தில் பொறுக்க முடியாமல் போயிற்று. ஆண்பிள்ளைக்கு என்ன, வரப்பில் முப்பது நாற்பது எட்டு நடந்தேன், முதுகைத் திருப்பி நின்றேன், முடித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பியபோதுதான் கவனித்தேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பலகையை நிறுத்திவிட்டு வேறு பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார்கள். எனக்காக.

அவர்களில் ஐம்பதை நெருங்கிய ஒருத்தி என்னிடம் வந்தாள். “ஒங்களுக்கு முடிஞ்சிட்டு அண்ணாச்சி” என்றாள். அதில் கேலி இல்லை. “நாங்க விடியமுன்ன வீட்டுல போனது. இனி வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனாத்தான்.”

“தண்ணி கொண்டு வருவியளா?” என்று கேட்டேன்.

வரப்பில் கிடந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. “வாயக் கொப்புளிக்கதுக்குத்தான். குடிச்சா போணும்லா?”

அந்த வெயிலில், அந்த நிறைந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு என் வெள்ளைச் சட்டை உடம்பில் உறுத்தியது. திரும்பி வரும்போது காரில் அக்கா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ‘பாத்தியளா?’ என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டு மணிக்கு லேப்பைத் திறக்க வேண்டும், டிரைவரைக் கொஞ்சம் வெரசாகப் போகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நிழற்குடையை நானே கைவிட்டேன். சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். உப்பளத்தின் குத்தகைக்காரர் தன் நிலத்தில் கட்டடம் எழும்பினால் நாளைக்குச் சிக்கல் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை, சாலையை ஒட்டிய ஒரு மூலையைக் காட்டினார். இரண்டு அறை, மேலே தண்ணீர்த் தொட்டி. மரக்கடைக்காரரே கதவு நிலைகளைக் கொடுத்தார். ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். என் பதவிக்காலமும் முடிந்தது.

கதை அங்கே நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மழைக்காலம் கழிந்து வேலை தொடங்கிய பிறகு வந்த மடலில், ‘நடந்தவை’யில் முதல் செய்தி இது: “நாம் கட்டிய கழிப்பறையின் இரும்புக் கதவுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டன. ஒரு மாதமாக யாரும் பயன்படுத்தவில்லை. நாம் போய்ப் பார்க்கவில்லை.” எந்தச் சங்கம் தன் மடலில் இப்படிப் போட்டுக்கொள்ளும்? அடுத்த கூட்டத்தில் பெரிய சத்தம். மானத்தை வாங்கிவிட்டதாகவும் அவர் பதவி விலக வேண்டும் என்றும் சொன்னார்கள். அக்கா எழுந்து நின்றார்.

“வெலகச் சொன்னா வெலகிருதேன். ஆனா ஒண்ணு. நாம போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம். அந்தப் பொம்பளைய நம்மள நம்பித் தண்ணி குடிக்கத் தொடங்குனாவ. கதவு அடைச்சதும் மறுபடி நிறுத்திட்டாவ. இது தெரிஞ்ச பொறவு நான் எதப் போட? மரம் நட்டோம்னு போடவா?”

அதற்குமேல் விலகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரும் விலகவில்லை. பைபர் கதவுகள் மாட்டினோம். தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்தோம். வாரம் ஒரு உறுப்பினர் நேரில் போய்ப் பார்த்து, என்ன பார்த்தார் என்று எழுதித்தர வேண்டும் என்று அக்கா முறை வைத்தார். முதல் வாரத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் எழுத்தை மட்டும் அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் லேப்புக்கு என் சர்க்கரையைப் பார்க்கப் போயிருந்தபோது, உப்பளத்தில் எனக்குப் பாட்டிலைக் காட்டிய அந்தப் பெண் பெஞ்சில் இருந்தாள். அக்கா அவளுடைய முடிவைத் தாளில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். “ஒண்ணுமில்லளா. சுத்தமா இருக்கு. எவ்வளவு குடிக்க?”

“ரெண்டு பாட்டில் ஆகுது அக்கா. வெயிலு கூடுனா மூணு.”

அக்கா தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைச் சேலைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

சங்கத் தலைவராகும்படி அக்காவை இரண்டு முறை கேட்டோம். “மாலை போட்டுக்கிட்டு நிக்க எனக்கு நேரம் கெடையாது அண்ணாச்சி” என்று மறுத்துவிட்டார். போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை. உப்பளத்தில் வேலை இல்லாத மாதம். அடக்கத்துக்கு வேம்பார் பஸ்ஸில் பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். மாதா கோயில் வாசல்வரை வந்து, உள்ளே இடமில்லாமல் வெளியிலேயே நின்றார்கள்.

அவர் இடத்துக்கு நானே வருகிறேன் என்று கேட்டேன். தலைவராக இருந்தவர் செயலாளர் ஆவது வழக்கம் இல்லை என்றார்கள். வழக்கம் இல்லைதான். இருந்தாலும் கொடுத்தார்கள்.

இப்போது அந்தச் சாலையில் மூன்று இடங்களில் கழிப்பறை இருக்கிறது. நான்காவதுக்கு, வடக்கே உள்ள குத்தகைக்காரர் இரண்டு மாதமாகச் சாக்குச் சொல்லி வந்தார். போன வாரம் அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். “சீசன் முடியட்டும், பாப்போம்” என்றார் அவர்.

“சீசன் முடிஞ்ச பொறவு நாங்க இங்கன எதுக்கு நிக்கப் போறோம் மொதலாளி?” என்று கேட்டாள் அவள். அவர் பதில் சொல்வதற்குள் தரையில் கிடந்த கம்புகளில் நான்கைப் பொறுக்கி, சாலையோர மூலைக்குப் போய், எட்டு வைத்து அளந்து, ஒவ்வொன்றாக ஊன்றினாள். அவர் அந்தக் கம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை கொத்தனாரை அழைத்துக்கொண்டு போகிறேன்.