புதுப் பாலத்தை நம்பாத கண்டக்டர்

பூண்டுலோயா பஸ்ஸின் கண்டக்டருக்கு முன்பற்கள் இரண்டு இல்லை; அந்த இடைவெளியாலேயே விசில் ஊதுவார். பழைய இரும்புப் பாலம் வந்ததும் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் பஸ்ஸை அக்கரைக்கு அனுப்புவார். பக்கத்திலேயே கொங்கிரீட் பாலம் திறந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

அன்று பத்து மணிக்கு நுவரெலியாவில் எனக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. ஏற்கெனவே தாமதம். பாலத்தருகே எல்லாரும் இறங்கினார்கள், நான் அசையவில்லை.

"இது புதுப் பாலங்க. பத்து பஸ்ஸைத் தாங்கும். எனக்குப் பரீட்சைக்கு நேரமாச்சு" என்றேன்.

"பழசை எனக்கு இருபது வருசமாத் தெரியும் தம்பி. இது நேத்து வந்தது. நீங்க படிச்சவங்க, மொதல்ல போய்ப் பாத்துச் சொல்லுங்க" என்று அவரும் இறங்கிக்கொண்டார்.

பஸ் மெல்ல நகர்ந்தது. முன்சக்கரம் பாலத்தைத் தொட்டதும், என்னைக் கேட்காமலே என் கால்கள் கீழே குதித்துவிட்டன.

டிரைவர் தலையை நீட்டினார். "படிச்சவரே எறங்கிட்டீங்க. நானும் எறங்கட்டுங்களா?"

பஸ்ஸில் வந்திருந்த தேயிலைக் கொழுந்துக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. "தம்பிக்குப் பரீட்சையாம், எங்கேயும் நிப்பாட்டாம விடுங்க" என்று அக்கரையில் டிரைவரிடம் சொன்னார்.

வேலை கிடைத்தது. கொங்கிரீட்டின் பலத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு உரத்த குரலில் பாடம் நடத்துகிறேன். அந்தக் கண்டக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது பாலத்தில் யாரும் இறங்குவதில்லை, என்னைத் தவிர.