தலையணை உறையை நம்பி வந்த மான்

சென்ற வருடம் ஒக்டோபர் மாதம், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், மரமே இல்லாத ஒரு வெட்டவெளியில் நடந்தது இது. லண்டன் நோர்பரியில் இருக்கும் பஸ் சாரதிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

எல்லாம் அவளுடைய தம்பியால் வந்தது. வால்தம்ஸ்டோவில் எலக்ட்ரீஷியன், மூன்று வயதில் லண்டனுக்கு வந்தவன், வேட்டைப் பைத்தியம். அங்கே ப்ராங்ஹார்ன் என்று ஒரு மான். அதைச் சுடுவதற்கான அனுமதிச்சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். ஆறு வருடம் விண்ணப்பித்து, ஒரே ஒரு மானுக்கு ஒரு சீட்டு அவனுக்கு விழுந்தது. "அத்தான், நீங்களும் வாங்கோ. வழி பாக்க உங்களை விட்டா ஆளில்லை" என்றான். புகழ்ந்தால் நான் விழுந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று கிழமை எங்கள் குசினி மேசையில் செய்மதி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தோம். எது யாரும் வேட்டையாடக்கூடிய பொது நிலம், எது தனியார் காணி, எங்கே தண்ணீர், எல்லாம் குறித்துக்கொண்டேன். நேரில் போனால் நான் குறித்த குளங்கள் வறண்டு கிடந்தன. மான்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனியார் காணியில் கூட்டமாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. பொது நிலத்தில் நின்ற ஒன்றிரண்டும் ஒரு மைல் தூரத்திலேயே எங்களைக் கண்டு ஓடின. வழி பார்ப்பதில் நான் புலி என்ற திமிர் மூன்றே நாளில் இறங்கிவிட்டது.

நான்காம் நாள்தான் எங்களுக்குக் கடைசி நாள். காலையில் பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்கிய பெண் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு யோசனை சொன்னாள். ஒளிந்திருந்து வெள்ளைத் துணி ஒன்றை ஆட்டுங்கள், அது என்னவென்று பார்க்க மானே கிட்ட வரும் என்றாள்.

தங்கியிருந்த விடுதியின் தலையணை உறையை ஒரு தடியில் கட்டினேன். ஒரு புதருக்குப் பின்னால் மச்சான் துப்பாக்கியோடு படுத்துக்கொண்டான். நான் பக்கத்தில் குந்தியிருந்து துணியை ஆட்டினேன்.

தூரத்தில் தனியாக மேய்ந்த ஓர் ஆண் மான் தலையைத் தூக்கியது. பிறகு எங்களை நோக்கி நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. என் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்கிறேன். நூறு மீட்டரில் வந்து பக்கவாட்டாக நின்று, என் கையிலிருந்த துணியையே பார்த்தது.

அப்போதுதான் நானும் என் கையைப் பார்த்தேன். துணி ஆடாமல் நின்றது.

இலங்கையில் போர் முடிகிற நாட்களில் வன்னியில், அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கிழித்துத் தடியில் கட்டி, இதே கையால் தூக்கிப் பிடித்தபடி, துப்பாக்கிகளோடு நின்ற இராணுவத்தினரை நோக்கி நடந்தவன் நான். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். கொஞ்சம் நடப்போம், நிற்போம், மறுபடி நடப்போம். இப்போது அதே துணியோடு துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

"ஆட்டுங்கோ அத்தான், நிப்பாட்டாதேங்கோ" என்று மச்சான் கிசுகிசுத்தான்.

"சுடாதை!"

அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்ததென்று எனக்கே பிறகுதான் விளங்கியது. மான் ஒரே பாய்ச்சலில் பறந்துவிட்டது.

"விசரே உங்களுக்கு? ஆறு வருஷம் அத்தான்!" மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் துணியைத் தடியிலிருந்து அவிழ்ப்பதைக் கண்டபிறகுதான் அடங்கினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் துப்பாக்கியிலிருந்து ரவையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா இதை ஒருநாளும் சொல்லேல்லையே?"

"அக்காவுக்கும் நான் சொல்லேல்லை."

ரவையை மறுபடி துப்பாக்கியில் போட்டுவிட்டு, "சரி, துணி இல்லாமத் தேடுவம்" என்றான். பொழுது சாயும்வரை தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை.

வேட்டை பிழை என்று சொல்ல நான் வரவில்லை. லண்டன் திரும்பிய அன்றே ஆட்டிறைச்சிக் கறியோடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டவன் நான். ஆனால் இத்தனை வருடமும் அந்த வெள்ளைத் துணிதான் எங்களைக் காப்பாற்றியது என்று நம்பியிருந்தேன். அந்த மான் நின்ற நிலையைப் பார்த்த பிறகு அப்படி நம்ப முடியவில்லை. எதிரே நின்ற யாரோ ஒருவன், விசையில் விரலை வைத்தபடி எங்கள் இருவரையும் பார்த்து, சுடாமல் விட்டிருக்கிறான். நோர்பரியில் கொடியில் காய்ந்த தலையணை உறைகளை மடிக்கும்போதெல்லாம், சுடாமல் விட்டதற்கு நன்றி சொல்லவும், குறிபார்த்ததற்கு மன்னிக்கவும் முகம் தெரியாத அந்த மனிதனை நினைத்துக்கொள்கிறேன்.