கழுவாத தட்டு

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் ஒசாகாவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், ஈரத் துணியும் கையுமாகத்தான் யாராவது வந்து திறப்பார்கள். பழைய வருடத்தின் தூசியோடு புது வருடத்துக்குள் நுழையக் கூடாது. குரபாயாஷி சுமியே இதில் தெருவுக்கே முதல் ஆள். சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டில் பொரித்த உணவைப் பொட்டலம் போடுவது அவருக்கு வேலை. கையுறை, முகமூடி, மணிக்கொரு தரம் மேசையைத் துடைப்பது என்று ஊறிப்போன உடம்பு.

அந்த வருடம் சமையலறைப் புகைக்கூண்டு, ஜன்னல் சட்டத்தின் இடுக்கு எல்லாம் முடித்துவிட்டு, வீட்டில் வளர்க்கும் முயலின் டாய்லெட் தட்டில் கைவைத்தார். கம்பி வலையைக் கழற்றி, பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, பால்கனி வெயிலில் காயப்போட்டார். தட்டு கடையில் வாங்கியது போலப் பளபளத்தது.

சாயங்காலம் ஒகாரா வந்தான். ஐந்து வயது வெள்ளை முயல். குட்டியிலிருந்தே அந்தத் தட்டைத் தவிர வேறெங்கும் ஒன்றுக்கோ இரண்டுக்கோ போனவனில்லை. முகர்ந்து பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். திரும்பி நடந்து, முன்னறையில் தரையோடு பதித்திருந்த புத்தம் புதுக் கோரைப்பாயில் உட்கார்ந்து வேலையை முடித்தான்.

“அப்பா! ஓடி வாங்க! இவன் பண்ணுன வேலையைப் பாருங்க!”

மகள் பிறந்ததிலிருந்து இந்தத் தம்பதி ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தோகுஜி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, புதுப் பாய்க்குத் திறப்பு விழாவா?”

“சிரிங்க. நகாசாதோ அம்மா வந்து பாக்கும்போதும் சிரிங்க.”

நகாசாதோ கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா. அந்த மாதம்தான் பாய்களை மாற்றித் தந்திருந்தார். கறையோ நாற்றமோ இருந்தால் முயல் இந்த வீட்டில் இருக்காது, ஜனவரி பாதியில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

சுமியே வினிகர் போட்டுப் பாயைத் துடைத்தார். மறுநாளும் அதே கதை. அவன் போன இடத்துக்கே தட்டை நகர்த்தினார். தட்டு முன்பு இருந்த மூலையில் போனான். புழுக்கையை அறை முழுக்கப் பயறு போல இறைத்தான். அதட்டினால் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தான். தட்டு இன்னும் சுத்தமாக இருந்தால் போவானோ என்று அவர் தினமும் பிளீச்சிங் போட்டார். புத்தாண்டன்று, தோகுஜி கால் நீட்டியிருந்த அடியில் ஹீட்டர் வைத்த சூட்டு மேசையின் போர்வையிலேயே போய்விட்டான்.

“போதும்மா. வகாயாமாவுல என் தங்கச்சி வீட்ல பெரிய தோட்டம் இருக்கு. அங்க விட்டுடலாம்.”

“அங்க ரெண்டு வேட்டை நாயும் இருக்கு.”

தோகுஜி போர்வையைச் சுருட்டிக்கொண்டு துவைக்கப் போனார்.

விடுமுறை முடிந்து மருத்துவமனை திறந்ததுமே சுமியே போன் போட்டார். கால்நடை மருத்துவர் நிஷியாமா ஒரே கேள்விதான் கேட்டார்.

“தட்டை என்ன பண்ணுனீங்க?”

“சுத்தமா வச்சிருக்கேன் டாக்டர். தினமும் பிளீச்சிங்.”

“கெட்டுது போங்க. தன் வாடை இருக்கிற எடத்துலதான் அது போகும். உங்க தட்டுல நீச்சல் குளம் வாடை. புல்லு தின்னுக்கிட்டே போறது அதுக்குப் பழக்கம், உங்க புதுப் பாயோ புல்லு மாதிரி மணக்குது. நீங்களா இருந்தா எங்க போவீங்க?”

பாய்மேல் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். அவன் நனைத்த காகிதத்தையும் புழுக்கையையும் தட்டிலேயே போட வேண்டும். தட்டின் ஓரத்தில் காய்ந்த புல் வைக்க வேண்டும். முக்கியமாக, கழுவக் கூடாது.

“டாக்டர், வீட்டுக்கு ஆள் வர்றாங்க.”

“வரட்டும்.”

முயலைப் பழக்குவதைவிடத் தன் கையைப் பழக்குவதுதான் சுமியேவுக்குப் பெரும்பாடாக இருந்தது. தட்டைத் தாண்டும்போதெல்லாம் கை பரபரத்தது.

“பிரஷ்ஷை ஒளிச்சு வச்சுட்டேன். தேடாத,” என்றார் தோகுஜி.

“பல் தேய்க்கிற பிரஷ் இருக்கு.”

“அடிப்பாவி, அது என்னுது!”

ஒகாரா தட்டில் ஏறிப் புல் தின்ன ஆரம்பித்தான். பாதி உள்ளே, பாதி வெளியே. பிறகு பெரும்பாலும் உள்ளே. வீட்டுக்காரம்மா வருகிற நாளில் தட்டின் நெடி கண்ணைக் கரித்தது. சுமியேவால் தாங்க முடியவில்லை. தட்டைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் பிளீச்சிங் மூடியைத் திறந்துவிட்டார். கழுவினால் வீட்டுக்காரம்மா எதிரிலேயே பாயில் போவான். கழுவாவிட்டால் வாசலிலேயே நாறும். திரும்பிப் பார்த்தால், ஒகாரா தட்டு இருந்த வெறும் மூலையில் உட்கார்ந்து காத்திருந்தான்.

மூடியைத் திருகி அடைத்தார். தட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தார். ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டார்.

நகாசாதோ கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“ஜனவரியில ஜன்னலைத் திறந்து போட்டிருக்கீங்க. என்னைக் கொல்லவா?”

“முயல் தட்டைக் கழுவல. அதான் நாறுது.”

“கழுவலையா? நீங்களா?”

அவர் பிளாஸ்டிக்கை உருவிவிட்டு, பாயை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. வெளிறிய மஞ்சள் வட்டம்.

“அது மொத நாள் பட்டது. மன்னிச்சிடுங்க.” சுமியே நெற்றி தரையில் படக் குனிந்தார். பின்னாலேயே தோகுஜியும் குனிந்தார்.

அப்போது பார்த்து ஒகாரா தாவி வந்தான். மஞ்சள் வட்டத்தை முகர்ந்தான். அவன் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு நேராகத் தட்டில் ஏறி, புல்லை இழுத்து மென்றபடி, எல்லோருக்கும் கேட்கும்படி போனான்.

நகாசாதோ பிளாஸ்டிக்கைப் பழையபடி பாய்மேல் இழுத்துவிட்டார்.

“பாயைத் திருப்பிப் போடச் சொல்றேன். போன மாசம் போட்ட பாய்! ரெண்டு பக்கந்தான் இருக்கு, ஒரு தடவைதான் திருப்ப முடியும், ஞாபகம் இருக்கட்டும். நாத்தத்தை நான் கண்டுக்கல. முதல்ல ஜன்னலைச் சாத்துங்க.”

சுமியே எழுந்து ஒவ்வொன்றாகச் சாத்தினார். நெடி அறையில் நிறைந்தது. மூன்று பேரும் அதிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.