சித்தியின் பக்கத்து நாற்காலி

மகளுக்கு எட்டு வயதாக இருந்த கோடையில், ஜெர்மனியிலிருந்து ஒரு வாரம் ஒஸ்லோவுக்குப் போனோம். அந்த நகரத்தின் ஓரத்தில், புருசெத் என்ற பகுதியில் என் தங்கை இருந்தாள். சிறுவர் காப்பகத்தில் அவளுக்கு வேலை. கலியாணமாகி ஒன்பது வருடம்; பிள்ளை இல்லை.

மூன்றாம் நாள் மாலை எங்களை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சீனாக்காரரின்ர இனிப்புக் கடை. இண்டைக்குச் சாப்பாடு அங்கைதான்."

"இனிப்பில வயிறு நிரம்புமோ?" என்றார் என் கணவர்.

"முதல்ல இறைச்சி வைச்ச கொழுக்கட்டை மாதிரி ஒண்டு தருவினம், அத்தான். பயப்படாதேங்கோ."

நான் என் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் மேசையைச் சுற்றிப்போய்த் தங்கைக்குப் பக்கத்தில் இருந்தாள். மூன்று நாளாக இதுதான். ரயிலிலும் சித்தி, படுக்கையிலும் சித்தி. ஒருத்தி ஜெர்மன் சொல் சொல்ல, மற்றவள் அதற்கு நோர்வேச் சொல் சொல்ல, இரண்டும் ஒன்றுபோல இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக, கிண்ணத்தில் சூடாகக் கறுப்பு எள்ளுக்கூழ் வந்தது. வீட்டில் நான் எள்ளுப்பாகு செய்தால் மூக்கைப் பொத்துகிற மகள், சித்தியின் கரண்டியிலேயே வாங்கிக் குடித்தாள்.

"நான் தந்தாத் தொடமாட்டாய்" என்றேன்.

"இது வேற, அம்மா."

தங்கை அவள் வாயைத் துடைத்துவிட்டாள். நான் துடைத்தால் முகத்தைத் திருப்புகிறவள், அசையாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்களும் அப்பாவும் போங்கோ. நான் லீவு முடியுமட்டும் சித்தியோட நிக்கப்போறன்."

"எனக்கும் லீவுதான் அக்கா" என்றாள் தங்கை, அவசரமாக. "நானே கொண்டுவந்து விடுறன்."

அந்த அவசரம்தான் என்னைச் சுட்டது.

"பிள்ளை வளக்கிறது லீவுக்குச் செய்யிற வேலை இல்லை" என்றேன்.

கணவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தார். தங்கை கரண்டியைக் கிண்ணத்துக்குள் மெல்ல வைத்தாள். "சரி, வெளிக்கிடுவம்" என்றாள். அவள் குரலில் ஒன்றும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது மகள் அவள் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். தங்கை அவளைத் தொடாமல், இரண்டு கைகளையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என் வார்த்தை அவளை என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் காலை, தேநீர் போட்டுக்கொண்டு நின்றவளிடம், "பிள்ளை நிக்கட்டும்" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை; அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகள் மேலும் இரண்டு வாரம் அங்கே நின்றாள். தினமும் தொலைபேசி எடுத்தேன். பாதி நாள் விளையாட்டு மும்முரத்தில், "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாள். மன்னிப்புக்குப் பதிலாகத்தான் பிள்ளையை விட்டுவந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைத்த பிறகு வயிறு எரிந்தது உண்மை.